ஓடுற மிஷின வாங்காதீங்க, ஓடாதத வாங்குங்க

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணி "அண்ணே, மரம் அறுக்குற மிஷின் (செயின்சா) ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல வருது, 5500 சொல்றாங்க, சூப்பரா ஓடுது, வாங்கலாமா"ன்னு கேட்டான். சூப்பரா ஓடுதுன்னு சொன்ன உடனே எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. இதே கேள்விய இந்த ரெண்டு வருசத்துல பத்து பேராவது கேட்டிருப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் போன்ல கத்துறதுக்கு ஒரு தடவ எழுதி வெச்சுட்டா லிங்க் அனுப்பிட்டு நம்ம வேலைய பாக்கலாம்ல, அதான் இந்த போஸ்ட்.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் மெக்கானிக் கிடையாது. பேராவூரணி பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்டு திண்ணைல சாக்கு விரிச்சு இந்த மிஷின்களோட மல்லுக்கட்டுறது தான் பொழுதுபோக்கு. வீட்ல இதுக்கு வேற பேரு வெச்சிருக்காங்க, அது இங்க வேணாம்.

எங்க பக்கம் ஏன் இவ்வளவு பழைய மிஷின் கெடக்குன்னா காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியக்காலம் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்க தென்னந்தோப்பெல்லாம் வாரிப் போட்டுட்டு போச்சு. காலைல எந்திரிச்சு பாத்தா முப்பது வருசத்து மரமெல்லாம் சீப்பு வெச்சு வாரின தலை மாதிரி ஒரே பக்கமா படுத்து கெடக்கு. ரோட்ட அடைச்சு கெடக்குற மரத்த அறுக்க மிஷின் இல்ல, மிஷின் வெச்சிருந்த ஆளுங்க மரத்துக்கு இவ்வளவுன்னு வாய்க்கு வந்த ரேட் சொன்னாங்க, கரண்டு திரும்பி வர வாரக்கணக்கா ஆச்சு. அப்ப தான் ஆளாளுக்கு கடன வாங்கியாவது ஒரு மிஷின வாங்கிப் போட்டாங்க, முக்காவாசி சைனா 58சிசி. ரெண்டு மூணு மாசம் அறுத்தாங்க, மரம் தீந்துச்சு, டேங்க்ல இருந்த பெட்ரோலோட அப்படியே தேங்கா கொட்டகைல ஒரு மூலைல தூக்கி போட்டாங்க. அதெல்லாம் தான் இப்ப ஒவ்வொன்னா வெளிய வருது.

எனக்கு மிஷின் எதுக்குன்னா, அம்மாவுக்கு. வீட்ல கேஸ் இருக்கு, ஆனா நெல் அவிக்கிறதும் குளிக்க வெந்நீர் போடுறதும் விறகடுப்புல தான். தென்னை மட்டை பாளையெல்லாம் பத்த வைக்க நல்லாருக்கும், குப்புன்னு எரிஞ்சு அஞ்சு நிமிசத்துல சாம்பலாயிடும், ஒரு அண்டா நெல்லு அவிக்கணும்னா நின்னு எரியுற கட்டை வேணும். அதுக்கு சீமைக்கருவேலத்த விட்டா வேற இல்ல. 2017-ல மதுரை ஹைகோர்ட் பெஞ்ச் அத எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஊரே பொக்லைன் வெச்சு பிடுங்குனாங்க, இப்ப போய் பாருங்க, பிடுங்குன எடத்துலயே ஆள் உயரத்துக்கு நிக்குது. எங்க கொல்லைலயே ஒரு ஓரம் முழுக்க அது தான். கோடாலில வெட்டிப் பாத்தேன், ஒரு நாள் வெட்டுனா மூணு நாளைக்கு தோள்பட்ட தூக்க முடியாது, முள்ளு குத்துனா அது தனி கத.

சரி மொத மிஷின் கதைக்கு வர்றேன். அறந்தாங்கி பக்கம் ஒருத்தர்கிட்ட 58சிசி ஒன்னு, 4500 ரூவா. நான் போனப்ப வாசல்லயே தொடைச்சு பளபளன்னு வெச்சிருந்தார். ஒரே இழுப்பு, கிர்ர்ருன்னு புடிச்சுகிச்சு, ஆக்சிலேட்டர் அமுக்குனா வீல்ல்ல்னு விசில் மாதிரி சத்தம், ஒரு புகையில்ல. "போன வாரம் தான் சர்வீஸ் பண்ணேன் தம்பி"ன்னார். நான் பேரம் கூட பேசாம காசக் குடுத்துட்டு வந்துட்டேன். ஆழம் தெரியாம கால விட்டேன்னு இப்ப தெரியுது, அன்னைக்கு தெரியல.

அங்க என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஒன்னு, நான் போறதுக்கு முன்னாடியே அவர் ஓட்டி சூடாக்கி வெச்சிருந்தார், சூடாகாத மிஷின் எத்தன இழுப்புல புடிக்கும்னு எனக்கு காட்டவே இல்ல. ரெண்டாவது, அந்த விசில் சத்தம். பெட்ரோலயும் காத்தயும் கலந்து விடுற கார்பரேட்டர்ல எச், எல்னு ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், எச் ஸ்க்ரூவ இறுக்குனா பெட்ரோல் கம்மியா போகும், மிஷின் கூடுதல் வேகத்துல கத்தும், கேக்குறவனுக்கு அடேங்கப்பா என்ன பவருன்னு தோணும். ஆனா பெட்ரோலோட சேந்து தானே ஆயிலும் உள்ள போகுது, அதுவும் கொறையும், போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர்) சூடாகும், பிஸ்டன் சாவும். வெட்டாம சும்மா முழு ஆக்சிலேட்டர் குடுக்குறப்ப லேசா கொரகொரன்னு தடுமாறணும், கட்டைல வெச்சு அமுக்குன உடனே அந்த கொரகொர போய் சத்தம் சீராகணும், அது தான் சரியான ட்யூனிங். அதாவது கேக்க நல்லா இல்லாத மிஷின் தான் நல்ல மிஷின். இது தெரிய எனக்கு ரெண்டு பிஸ்டன் செலவாச்சு.

வாங்கி மூணாவது ஞாயித்துக்கிழமை, விழுந்து கெடந்த புளிய மரக்கிளை ஒன்ன பாதி அறுத்துட்டு இருக்கேன், சத்தம் அப்படியே இறங்கி கடக்குன்னு நின்னுச்சு. கயிற இழுத்தா வரல. சைலன்சர கழட்டி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாத்தா பிஸ்டன் பக்கவாட்டுல மேலேருந்து கீழ வரைக்கும் பூனை பிராண்டுன மாதிரி கோடு கோடா இருக்கு. போர் பிஸ்டன் செட் ஆன்லைன்ல 900 ரூவாக்கு வரவழைச்சேன். (ஒரு சின்ன விசயம், வந்த பிஸ்டன வெர்னியர்ல அளந்தா அகலம் 45.2 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குற தூரம், 34, கணக்கு போட்டா 54.6 சிசி தான் வருது. 58ன்னு ஸ்டிக்கர்ல மட்டும் தான் இருக்கு.) ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து மாட்டுனேன், ஓடுச்சு, யூட்யூப்ல போடலாமான்னு யோசிக்கிற அளவுக்கு பெருமை. ரெண்டு நாள். மறுபடி கடக்.

எங்க ஊர் பைக் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், டிவிஎஸ் 50ம் ஆர்எக்ஸ் 100ம் பிரிச்சே வயசானவர், அவர்கிட்ட தூக்கிட்டு போனேன். பழைய பிஸ்டன், புது பிஸ்டன் ரெண்டையும் கைல வாங்கி பாத்தார். "ரெண்டும் ஒரே எடத்துல பிராண்டிருக்கு பாத்தியா, சைலன்சர் பக்கம். நீ பிஸ்டன மாத்துன, பிஸ்டன கொன்னவன மாத்தலயே"ன்னார். அவ்வளவு தான், அப்பறம் டீ குடிக்க போயிட்டார்.

கொன்னவன் யாருன்னு பாக்குறதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, மெனக்கெட்ட வேல தான், ஆனா பழைய மிஷின்ல கை வைக்கிறவங்க கத்துக்கிட்டே ஆகணும். இந்த மிஷின்ல இருக்குறது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், அதுல பிஸ்டனுக்கு மேல மட்டும் இல்ல, கீழ கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடுற தண்டு) இருக்குற அறையும் காத்து போகாம டைட்டா இருக்கணும். எங்கயாவது ஒரு முடி அளவு ஓட்டை இருந்தா அது வழியா கள்ளத்தனமா காத்து உள்ள வரும், காத்து கூடி பெட்ரோல் கம்மியான மாதிரி ஆயிடும், நீங்க கார்பரேட்டர எவ்வளவு தான் திருகுனாலும் சரிவராது. நான் என்ன பண்ணேன்னா, சைக்கிள் ட்யூப்ப வெட்டி சைலன்சர் ஓட்டைக்கு ஒரு துண்டு, கார்பரேட்டர் மாட்டுற ரப்பர் முனைக்கு ஒரு துண்டு வெச்சு அடைச்சு இறுக்கிட்டேன். பழைய பிளக் ஒன்னோட உள் பீங்கான உடைச்சு எடுத்துட்டு அதுல ட்யூப் வால்வ பொருத்தி பிளக் இருக்குற எடத்துல மாட்டுனேன். பிஸ்டன அடில இறக்கி வெச்சுட்டா மேலேருந்து அடிக்கிற காத்து கீழ் அறைக்கும் போயிடும். காத்தடிக்க சைக்கிள் பம்ப் வேணாம், அது ஒரே அமுக்குல சீல பிதுக்கி தள்ளிடும். அப்பாவுக்கு வாங்குன பழைய பிபி மிஷின் ஒன்னு இருந்துச்சு, கைல அமுக்குற பலூன், முள்ளு மீட்டர் எல்லாம் இருக்கு, அது முள்ளு 300 வரைக்கும் ஏறுனாலே ஆறு பிஎஸ்ஐக்கு கொஞ்சம் கம்மி, இந்த வேலைக்கு கரெக்டா போதும். 250க்கு ஏத்தி வெச்சேன். முள்ளு சரசரன்னு இறங்குது. சோப்பு தண்ணிய தடவுனா கார்பரேட்டர் ரப்பர்ல மடிப்புக்கு அடில ஒரு வெடிப்பு, அங்க குமிழ் குமிழா வருது, மேக்னெட்டு (பிளக்குக்கு கரண்டு குடுக்குற காந்த சக்கரம்) பக்கம் ஆயில் சீல்லயும் சின்னதா நுரை. வெளிய பாத்தா அந்த ரப்பர் புதுசு மாதிரி இருக்கும், விரல்ல மடக்கிப் பாத்தா தான் வாய் பிளக்குது.

ரப்பர் 120, ரெண்டு சீல் 150. இதுக்கு தான் ரெண்டு பிஸ்டன காவு குடுத்திருக்கேன். மூணாவது செட் மாட்டுனதுக்கு அப்பறம் அது நல்லா ஓடுச்சு, அதோட கத கடைசில.

இதுக்கப்பறம் தான் எனக்கு புத்தி வந்துச்சு. ஓடுற மிஷின விக்கிறவர் எதையோ மறைக்கிறார்னு எல்லா நேரமும் சொல்ல முடியாது, பாதி பேருக்கு அவங்களுக்கே தெரியாது. ஆனா ஓடுது அப்படிங்குற ஒரு காரணத்துக்காக நீங்க ரெண்டு மூணாயிரம் கூட குடுக்குறீங்க, ஓடுறதால எதையும் கழட்டி பாக்கவும் விட மாட்டாங்க, "அதான் ஓடுதே அப்பறம் ஏன் சைலன்சர கழட்டுற"ன்னு கோவம் வேற வரும். ஓடாத மிஷின்ல அந்த சங்கடமே இல்ல. எங்க வேணா ஸ்க்ரூ டிரைவர் போடலாம், குலுக்கலாம், மோந்து பாக்கலாம், கெடக்குற குப்ப தானேன்னு விட்டுடுவாங்க. அத விட முக்கியம், கொட்டகைல சும்மா கெடந்து ஓடாம போன மிஷினுக்கும் ஓடிட்டு இருக்குறப்ப ஜாம் ஆன மிஷினுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சும்மா கெடந்து போனதுல பெரும்பாலும் பெட்ரோல் போற வழி மட்டும் தான் போயிருக்கும், பிஸ்டன் புதுசாவே இருக்கும்.

ரெண்டாவது மிஷின் அப்படி தான் கெடச்சுது. பட்டுக்கோட்டைல ஒரு தேங்கா மண்டிக்காரர், கஜா அப்ப வாங்குன நல்ல கம்பெனி சின்ன மிஷின், முப்பது சிசி சொச்சம். "ரெண்டு வருசமா ஸ்டார்ட் ஆவல, இரும்புக்கு போடலாம்னு இருந்தேன், எடுத்துக்க"ன்னு 2500 சொல்லி 2000க்கு குடுத்தார். நான் அங்க பண்ணது இவ்வளவு தான்: ஸ்டார்ட்டர் கைப்பிடிய மட்டும் புடிச்சு மிஷின தொங்க விட்டேன். நல்ல கம்ப்ரஷன் (சிலிண்டர்ல காத்து அமுங்குற பலம்) இருந்தா அது நின்னு நின்னு, ஒரு ஒரு கடக்கா யோசிச்சு யோசிச்சு இறங்கும், கம்ப்ரஷன் இல்லன்னா கெணத்துல வாளி இறங்குற மாதிரி சர்ருன்னு போயிடும். இது நின்னு இறங்குச்சு. ஸ்டார் கீ கொண்டு போயிருந்தேன், சைலன்சர் ரெண்டு போல்ட், கழட்டி பாத்தா பிஸ்டன்ல கம்பெனில கடைஞ்ச குறுக்கு கோடு கூட அழியல. மேக்னெட்டு சக்கரத்த புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தேன், ஆட்டம் இல்ல, பேரிங் நல்லாருக்கு. காச எண்ணி குடுத்துட்டு திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.

வீட்ல வந்து டேங்க் மூடிய தொறந்தா வார்னிஷ் வாசன. பெட்ரோல் ட்யூப்ப தொட்டேன், பழைய அப்பளம் மாதிரி கைலயே உடையுது. கார்பரேட்டர பிரிச்சா உள்ள ஒரு மெல்லிசான ரப்பர் சவ்வு இருக்கும், டயாப்ரம்னு சொல்றது, அது துணி மாதிரி தொளதொளன்னு இருக்கணும், இது எக்ஸ்ரே பிலிம் மாதிரி விறைச்சு போய் இருந்துச்சு, காதுகிட்ட வெச்சு ஆட்டுனா டக்கு டக்குன்னு சத்தம் போடுது. கார்பரேட்டர் கிட், ட்யூப், பெட்ரோல் பில்டர், பிளக் எல்லாம் சேத்து 650 ரூவா. டேங்குக்கு காத்து போற சின்ன வால்வு ஒன்னு இருக்கும், பலரும் அத மறந்துடுவாங்க, அது அடைச்சிருந்தா மிஷின் நல்லா ஸ்டார்ட் ஆகி பத்து நிமிசம் கழிச்சு ஏங்கி ஏங்கி நிக்கும், மூடிய லூஸ் பண்ணா புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்கும், மறுபடி ஓடும். அத ஊதி சுத்தம் பண்ணேன், அவ்வளவு தான். நாலாவது இழுப்புல புடிச்சுது. ராத்திரி ஒம்பதரை மணி, பக்கத்து வீட்டு பெரியம்மா வெளிய வந்து என்னமோ சொன்னாங்க, சத்தத்துல காதுல விழல.

பெட்ரோல் பத்தி சொல்லணும், ஏன்னா எங்க பக்கம் சாவுற மிஷின்ல நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல இதுனால தான். டிவிஎஸ் 50 டூ ஸ்ட்ரோக்கா இருந்த காலத்துல பங்க்லயே ஆயில் கலந்து அடிப்பாங்க, ஊர்ல சின்ன பையனுக்கு கூட ஆயில் கலக்கணும்னு தெரியும். இப்ப எல்லா வண்டியும் ஃபோர் ஸ்ட்ரோக், இருவது வயசு பசங்களுக்கு பெட்ரோல்ல ஆயில் ஊத்தணும்னு சொன்னா ஏன் அண்ணே அதான் ஆயிலுக்கு தனியா ஒரு மூடி இருக்கேன்னு கேக்குறாங்க. அந்த மூடி செயினுக்கு போற ஆயில் தம்பி, இன்ஜினுக்கு இல்ல. இன்ஜினுக்கு பெட்ரோல்ல கலந்தா தான் உண்டு. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்னா லிட்டருக்கு 20 மில்லி, அதான் 50:1. சைனா மிஷினுக்கு அவங்க புக்லயே 25:1ன்னு போட்டிருப்பாங்க, லிட்டருக்கு 40 மில்லி. நான் அதுக்கு 30 ஊத்துறேன், நல்ல ஆயிலா இருந்தா அது போதும்ங்கறது என் அனுபவம், நீங்க புக்ல இருக்குறத பாத்துக்கோங்க. கண்ணளவுல ஊத்தாதீங்க, மெடிக்கல்ல 20 மில்லி சிரிஞ்ச் ஒன்னு வாங்கிக்கோங்க, ஊசி வேணாம்னு சொல்லி வாங்குங்க.

அப்பறம் இந்த எத்தனால். 2023-லருந்து இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வர ஆரம்பிச்சு இப்ப அனேகமா எல்லா பங்க்லயும் அது தான். எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், எங்க ஊர் மாதிரி கடல் பக்கம்னா கேக்கவே வேணாம், ரொம்ப நாள் வெச்சா தண்ணியும் எத்தனாலும் சேந்து அடில தனியா தங்கிடும். செயின்சா கம்பெனிங்க சொல்றது பொதுவா 10 சதவீதம் எத்தனால் வரைக்கும் தான். நமக்கு வேற வழியில்ல, கெடைக்கிறத தான் ஊத்தணும், அதுக்கு நான் பண்றது, ரெண்டு வாரத்துக்கு மேல கலந்த பெட்ரோல வைக்கிறது இல்ல, அன்னைக்கு வேல முடிஞ்சா டேங்க்ல மிச்சத்த கேன்ல ஊத்திட்டு மிஷின ஸ்டார்ட் பண்ணி தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு கார்பரேட்டர காய விட்டுடுவேன். இத மட்டும் அந்த மண்டிக்காரர் பண்ணியிருந்தா எனக்கு 2000 ரூவாக்கு மிஷின் கெடச்சிருக்காது, நல்லதா போச்சு.

செயினுக்கு வர்றேன். முக்காவாசி பேர் "மிஷின்ல பவர் இல்ல"ன்னு கொண்டு வர்றாங்க, பாத்தா மிஷின்ல ஒன்னும் இல்ல, செயின் மொட்ட. ஒரு சோதன: வெட்டுறப்ப செதில் செதிலா கொட்டுனா கூர் இருக்கு, மாவு மாதிரி கொட்டுனா கூர் போச்சு. சீமைக்கருவேலம் மண்ணோட ஒட்டி கவட்டை கவட்டையா வளரும், அடில வெக்கிறப்ப ஒரு தடவ பார் (செயின் சுத்தி ஓடுற நீள தகடு) நுனி மண்ணுல பட்டா போதும், ஒரே நொடில மொட்ட. தென்ன மரமும் லேசுப்பட்டது இல்ல, வெளிப்பக்கம் கல்லு, உள்ள சோறு, அந்த நார் ஸ்ப்ராக்கெட் (செயின இழுக்குற பல்சக்கரம்) மூடிக்குள்ள போய் திரிச்சுகிட்டு உக்காந்துக்கும். தீட்டுறதுக்கு உருண்ட அரம் வேணும், அதுலயும் செயினுக்கு ஏத்த சைஸ் வேணும். சின்ன மிஷின்ல வர்ற 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம், சைனா மிஷின்ல வர்ற .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். எல்லா பல்லுக்கும் ஒரே சாய்வு, சுமாரா 30 டிகிரி, ஒரே எண்ணிக்கை, நான் பல்லுக்கு மூணு தள்ளுன்னு எண்ணி தள்ளுவேன், முன்னாடி தள்ளுறப்ப மட்டும் தான் வெட்டணும், திரும்ப இழுக்குறப்ப தூக்கிடணும். வலது கை பழக்கம் உள்ளவங்களுக்கு ஒரு பக்கத்து பல் நல்லா தேயும் இன்னொரு பக்கம் தேயாது, அப்பறம் மிஷின் நேரா வெட்டாம வாழப்பழம் மாதிரி வளைஞ்சு வெட்டும், அதுக்கு பார குறை சொல்லிட்டு புது பார் வாங்குனவங்கள எனக்கு தெரியும் (அது நான் தான்).

பழசு வாங்குறப்ப செயின் எப்படி இருக்குன்னு பெருசா பாக்காதீங்க, அது எப்படியும் மாத்துறது தான். ஸ்ப்ராக்கெட்ட பாருங்க. செயின் ஓடுற எடத்துல அரை மில்லிமீட்டருக்கு மேல பள்ளம் விழுந்திருந்தா அத மாத்தாம புது செயின் போட்டா புது செயினும் அதே வேகத்துல போயிடும். பல மிஷின்ல அத கழட்ட க்ளட்ச கழட்டணும், க்ளட்ச் உல்டா மரை, கடிகாரம் சுத்துற பக்கம் திருப்புனா தான் லூஸ் ஆகும். தெரியாம எதிர்ப்பக்கம் சுத்தியல்ல அடிச்சு மரைய தின்ன மிஷின் ஒன்னு இப்பவும் எங்க வீட்ல இருக்கு. கிராங்க் சுத்தாம இருக்க பிளக் ஓட்டைல பழைய கயிற திணிச்சு வெச்சுக்கலாம், ஸ்க்ரூ டிரைவர விட்டீங்கன்னா பிஸ்டன் தலைல ஓட்ட.

செயினுக்கு போற ஆயில் வருதான்னு பாக்க, பார் நுனிய ஒரு அட்டைக்கு பக்கத்துல தொடாம வெச்சு ஆக்சிலேட்டர் குடுங்க, அட்டைல ஆயில் கோடு விழணும். இங்க எல்லாரும் ஒர்க்‌ஷாப்ல வடிச்ச கரி ஆயில தான் ஊத்துறாங்க, ஓசில கெடைக்குதேன்னு. அதுல இருக்குற இரும்பு பொடி ஆயில் பம்ப தின்னும், அதோட ஊத்துற ஆயில் மொத்தமும் உங்க கொல்லை மண்ணுல தான் விழுது, திரும்ப பம்புக்குள்ள வராது. நான் புது 20W-40 இன்ஜின் ஆயில் ஊத்துறேன், வலிக்குது தான்.

பிரேக் இல்லாத மிஷின்னா பேரமே பேசாதீங்க. கைப்பிடிக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் தட்டு மாதிரி இருக்கும், அத முன்னாடி தள்ளுனா செயின் நிக்கணும். எங்க பக்கம் வர்ற பழைய மிஷின்ல பாதில அது இருக்காது, "அது இடிக்குதுன்னு கழட்டி போட்டுட்டோம்"பாங்க. பார் நுனியோட மேல் பாதி எங்கயாவது பட்டா மிஷின் அப்படியே மூஞ்சிக்கு எகிறும், கண்ண மூடி தொறக்குற நேரம் கூட கெடையாது, அப்ப உங்க இடது கை மணிக்கட்டு போய் அந்த தட்டுல இடிச்சு செயின நிறுத்தணும், அதுக்கு தான் அது. கைலிய மடிச்சு கட்டிட்டு ஹவாய் செருப்போட ஒத்தக்கைல அறுக்குற அண்ணன்மார்கள பாத்தா எனக்கு வயித்த கலக்குது. நான் வெல்டிங் பூட்ஸ், ஜீன்ஸ், கண்ணாடி, காதுக்கு பஞ்சு. ஊர்ல கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும். கட்டைக்கு நடுவுல பார் மாட்டிக்கிட்டா மிஷின புடிச்சு ஆட்டாதீங்க, வெட்டுல ஆப்பு அடிச்சு தான் எடுக்கணும், ஆப்ப பிடுங்குன குரங்கு கத எல்லாருக்கும் தெரியும்ல, வால் நமக்கு இல்லன்னாலும் விரல் இருக்கு.

எந்த கம்பெனி வாங்கலாம்னு கேப்பீங்க. ஸ்டில் 1926-லருந்து இருக்கு, ஹஸ்க்வர்னா 1689-ல துப்பாக்கி செய்ய ஆரம்பிச்சு 1959-ல தான் செயின்சாவுக்கே வந்தாங்க, ரெண்டுலயும் பல வருசத்து பழைய மாடலுக்கு கூட ஸ்பேர் தேடுனா கெடைக்குது, பழசு வாங்குறவனுக்கு அது தான் வேணும். ஆனா அதே பேர்ல டூப்ளிகேட்டும் நெறைய ஓடுது, ஸ்டிக்கர் மட்டும் பாத்து ஏமாறாதீங்க, ஒரிஜினல்ல சீரியல் நம்பர் இருக்கும், ஸ்டிக்கர் ஓரம் உரியுறதும் எழுத்து கோணலா இருக்குறதும் நம்பரே இல்லாததும் பாத்தா கெளம்பிடுங்க. சைனா 58சிசிய நான் மட்டம் தட்ட மாட்டேன், மாசத்துக்கு ஒரு நாள் விறகு அறுக்குறவனுக்கு அது போதும், ஸ்பேர் கொள்ள மலிவு, பிரிச்சு மேயறதுக்கு அத விட நல்ல வாத்தியார் கெடையாது. ஓடாத சைனா மிஷினுக்கு ஆயிரத்து ஐநூறுக்கு மேல குடுக்காதீங்க, அவ்வளவு தான். 20 இன்ச் பார் வெச்சு விப்பாங்க, விறகுக்கு அது தேவையே இல்ல, 16 போதும், மண்ணுலயும் அடிக்கடி இடிக்காது.

இப்ப விறகெல்லாம் அந்த சின்ன மிஷின்ல தான். அம்மா ஒரு முழ நீளத்துக்கு அறுத்து தான்னு சொல்லியிருக்காங்க, கொஞ்சம் கூட போனா அடுப்புக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு திட்டு. கட்டைல ஒன்னுல அளவு குறிச்சு வெச்சுக்கிட்டு அது படி வெட்டி கொட்டகை ஓரமா மழ படாம அடுக்கியிருக்கேன், அடுத்த தை வரைக்கும் தாங்கும்.

அந்த மொத 58சிசி கத சொல்றேன்னேன்ல. மூணாவது பிஸ்டனோட நல்லா ஓடிட்டு இருந்துச்சு, மச்சான் வந்து வேலி ஓரம் நாலு மரம் இருக்கு ஒரு நாளைக்கு குடுங்கன்னு கேட்டான், கலந்த பெட்ரோல் ஒரு லிட்டர் பாட்டில்ல ஊத்தி குடுத்து விட்டேன். அது மத்தியானமே தீந்துடுச்சாம், பைக்லருந்து புடிச்சு ஊத்தியிருக்கான். சாயங்காலம் ஒரு கிலோ ஆப்பிளோட வந்தான், ஆப்பிள பாத்த உடனே எனக்கு விசயம் புரிஞ்சு போச்சு. வீட்டுக்காரி தம்பியாச்சே, ஒன்னும் பேச முடியல. ஆறு மாசம் கெடந்துச்சு, போன மாசம் ஓடாதுன்னு சொல்லி, ரப்பர் புதுசு, சீல் புதுசு, பிஸ்டன் மட்டும் ஜாம்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டி ஆயிரம் ரூவாக்கு ஆலங்குடிக்கார பையன் ஒருத்தனுக்கு வித்தேன். போன ஞாயிறு வீடியோ அனுப்பியிருந்தான், வேப்பங்கட்டை ஒன்ன அறுத்துட்டு இருக்கான், கட்டைலருந்து எடுக்குறப்ப மிஷின் நல்லா கொரகொரன்னு ஓடுது.